தகட்டுச் சத்தமும் படிப்பு நேரமும்

விடுதியில் இருந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. இரவு ஏழு மணிக்கு எங்களுக்குப் படிப்பு நேரம் தொடங்கும், அதே ஏழு மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த காக்காவின் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) கடையில், ரொட்டியைத் தகடுகளால் கொத்திப் போடும் கொத்து ரொட்டியும் தொடங்கும். இரசாயனவியல் புத்தகம் விரிந்தபடி கிடக்க, காது முழுக்க அந்தத் தகட்டுச் சத்தத்தில்தான். ஒருநாள் நம்மவன் ஒருவன் இரண்டு அடிமட்டங்களை எடுத்து மேசையில் அதே தாளத்தைப் போட்டுக் காட்ட, விடுதி மாஸ்டர் பின்னால் நின்றிருக்கிறார். அன்றிலிருந்து அவனுக்குப் பெயரே 'கொத்து'. இந்த மலரை அவனும் வாசிப்பான், அதனால் சொந்தப் பெயரை விட்டுவிடுகிறேன்.

1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டு ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த காலம் அது. கடைக்குப் புதுத் தகரக் கூரை, அதில் சத்தம் இரண்டு மடங்காகக் கேட்கும். லீவுக்கு வீட்டுக்குப் போய் "கொத்துச் சாப்பிட்டேன்" என்று சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தா. அவவுக்குக் கொத்து என்றால் அரிசி அளக்கிற கொத்து.

இப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் இது எந்த ஊர்ச் சாப்பாடு என்று அடிக்கடி சண்டை. திருகோணமலைக்காரர் தங்களது என்கிறார்கள், இந்தியாவிலிருந்து வந்த நண்பர்கள் மதுரைக் கொத்து பரோட்டாவைத் தூக்கிக் காட்டுகிறார்கள். கிழக்கிலங்கையில், 1960, 70களில் பிறந்தது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுவது. கண்டுபிடித்தவர் என்று ஒருவர் பெயரும் இல்லை, இருக்கவும் முடியாது என்பது என் கட்சி. மிஞ்சிப்போன வீச்சு ரொட்டியையும் மிஞ்சிய ஆணத்தையும் (குழம்பையும்) வைத்துக்கொண்டு நாலைந்து கடைக்காரர் ஒரே யோசனைக்கு வந்திருப்பார்கள். நம் நாட்டில் கோதுமை விளைவதில்லை, எல்லாம் கப்பலில் வருவது, அதை எறிய யாருக்கு மனம் வரும்? ஆனால் தமிழ் வாயிலிருந்து வந்த பெயர் என்பதில் சந்தேகமே வேண்டாம், கொழும்பில் சிங்களவரும் 'கொத்து' என்றுதானே கேட்கிறார்கள்.

மிச்ச ரொட்டிக் கதையை நான் நம்புவதற்குக் காரணம் அந்தக் காக்காதான். மா உருண்டைகளை எண்ணெயில் ஊறவைத்து, கண்ணாடி மாதிரி வீசிச் சுட்டு, சுட்டதை அப்படியே அடுக்கிவைப்பார். கொத்துக்குக் கை போவது அடுக்கின் அடிக்குத்தான். "சுடச்சுடக் கொத்தினா களியாப் போயிரும் மனே, ஆறின ரொட்டிதான் துண்டு துண்டா நிக்கும்" என்பார். கல்லில் வெங்காயம், கோவா (முட்டைக்கோஸ்), லீக்ஸ், முட்டை எல்லாம் வதங்கியபிறகு ரொட்டி விழும், இரண்டு தகடும் இறங்கும், கடைசியில் ஒரு அகப்பை இறைச்சி ஆணம். அந்த ஆவி மதில் தாண்டி வரும்போது ஆவர்த்தன அட்டவணையாவது மண்ணாவது.

போன மாதம் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கடையில் கோழிக் கொத்து வாங்கப் போனேன். சீஸ் போட்டது, நூடுல்ஸ் போட்டது என்று பலகை நிறைய இருந்தது. நான் தகட்டோடு நின்ற தம்பியிடம் குனிந்து, நேற்றைய ரொட்டி இருந்தால் அதிலே கொத்தித் தாருமன் என்றேன். அவர் கையை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ. சுகாதாரக்காரன் கேட்டால் கடையைப் பூட்டிப்போடுவான்."