தொல்லுயிரியல் தாளுக்கு நான் படித்த விதம்

நிலவியல் இளநிலைப் படிப்பில் மாணவர்கள் அதிகம் அஞ்சுவது, புதைபடிவங்களைப் பற்றிய தொல்லுயிரியல் தாளுக்குத்தான். பெயர்கள் எல்லாம் கிரேக்கமும் லத்தீனுமாக இருக்கும். செய்முறைத் தேர்விலோ மேசைமேல் கற்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்களே தருவார்கள். அதனால் பெயர், தொகுதி, காலம் என்று பட்டியல் போட்டு உருப்போடுகிறவர்களே அதிகம். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. கையில் எடுத்த ஒவ்வொரு மாதிரியிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: இந்த உயிரில் எது அழிந்தது, எது மிஞ்சியது, அழிந்த இடத்தில் எது வந்து சேர்ந்தது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் பெயர் தானாக நினைவில் நிற்கும்.

அம்மோனைட்டையே பாருங்கள். சுருண்ட ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன, கணவாயின் உறவான கடலுயிர் அது. பெரம்பலூர் மாவட்டத்தில் காரை கிராமத்தை ஒட்டி, மழைநீர் அரித்துப் பிளந்த களிமண் மேடுகள் இருக்கின்றன. டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரெட்டேசியஸில் அங்கே கடல் இருந்தது. செத்த அம்மோனைட் அடியில் தங்கியதும் சதை அழுகிப்போகும். ஓட்டுக்குள் சேறு புகுந்து நிரம்பும். மேலே படிவு ஏற ஏற உள்ளிருக்கும் சேறு இறுகிக் கல்லாகும். ஓடு அரகோனைட் என்ற கனிமத்தால் ஆனது. அது எளிதில் கரையும். நிலத்தடி நீர் ஓட்டைக் கரைத்த பின் எஞ்சுவது உட்புற அச்சு மட்டுமே. அந்த அச்சைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால், மேற்பரப்பில் நெளிநெளியான கோடுகள் தெரியும். உள்ளறைகளைப் பிரித்த தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொட்ட இடங்கள் அவை. ஓடு அப்படியே இருந்திருந்தால் இந்தக் கோடுகளை நாம் பார்த்திருக்கவே முடியாது. வயதைச் சொல்வதும் இந்தக் கோடுகள்தான்: எளிய வளைவுகள் என்றால் பெரும்பாலும் மிகப் பழைய பேலியோசோயிக் காலம், வளைவின் ஒரு பக்கம் மட்டும் பல்பல்லாக இருந்தால் அடுத்து வந்த டிரையாசிக், இலை விளிம்பு போல எங்கும் நுணுக்கமாகப் பிரிந்திருந்தால் ஜுராசிக் அல்லது கிரெட்டேசியஸ். இதை வரைந்து பழகுங்கள். பத்துப் பக்கம் படிப்பதைவிட ஒரு படம் உதவும்.

அதே காரையில், கணவாய் போன்ற அழிந்த உயிர்களான பெலம்னைட்டுகளின் உடலுக்குள் இருந்த கூர்மையான உருளைகள் கரையாமல் அப்படியே கிடைக்கின்றன. அவை கால்சைட் என்ற கனிமத்தால் ஆனவை. அரகோனைட்டைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஒரே களிமண்ணில் ஒன்று அச்சாகவும் மற்றொன்று அசல் உருளையாகவும் கிடைப்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். வாய்மொழித் தேர்வில் விரும்பிக் கேட்கப்படும் கேள்வி இது.

சிப்பி போலவே இரண்டு ஓடுகள் கொண்ட வேறு கடலுயிரான பிராக்கியோபாடையும் இருவால்வுச் சிப்பியையும் பிரிக்கச் சமச்சீர் போதும். ஒரே ஓட்டை நடுவே வெட்டி இரு பாதிகளும் ஒத்திருந்தால் பிராக்கியோபாட். இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று ஒத்திருந்தால் சிப்பி. கிரைஃபியா போன்ற சிப்பிகள் இந்த விதிக்கு அடங்காது. அவற்றைத் தனியாகப் பார்த்து வையுங்கள்.

எழுத்துத் தேர்வில் நெடுவினாவுக்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் கல்மரம். நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்த, சுமார் 18 மீட்டர் நீளமுள்ள மரத்தண்டு. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் திசுக்களுக்குள் ஊடுருவிப் படிந்து அதைக் கல்லாக்கியது. இதைவிடச் சுவையான செய்தி, நிலத்து மரம் கடற்படிவுகளுக்குள் கிடக்கிறது என்பதுதான். கரையோரம் வளர்ந்த மரத்தை ஆறு அடித்துக்கொண்டு வந்து ஆழமற்ற கடலில் சேர்த்திருக்கிறது. ஓர் உயிர் புதைந்த இடமும் வாழ்ந்த இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று நம் பக்கத்தில் குறைவு. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்களிலும் வேரோ கிளையோ இலையோ இல்லை, அவையும் அடித்துவரப்பட்டவை என்பதைச் சேர்த்து எழுதினால் விடை வலுப்பெறும்.

வயதுக் கணிப்பு பற்றி எழுதும்போது கவனம் தேவை. கார்பன்-14இன் அரை ஆயுட்காலம் சுமார் 5,730 ஆண்டுகள். ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு மேல் அது பயன்படாது. அம்மோனைட்டுக்குக் கார்பன் கணிப்பு என்று எழுதிய விடைத்தாள்களுக்குக் குறைவே இல்லை. படிவு அடுக்குகளுக்கு இடையே எரிமலைச் சாம்பல் இருந்தால் பொட்டாசியம்–ஆர்கான் முறை உதவும். இல்லையென்றால் வயது தெரிந்த வேறு இடத்தின் புதைபடிவங்களோடு ஒப்பிடுவார்கள்.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் ஏரியைத் தூர்வாரியபோது வெளிவந்த உருண்டைகளை டைனோசர் முட்டைகள் என்று ஊரே பேசியது. அவை அம்மோனைட்டுகளோடு தொடர்புடைய படிவு உருண்டைகள் என்று நிலவியலாளர்கள் விளக்கினார்கள். அழுகும் உடலைச் சுற்றி வேதிச்சூழல் மாறி, சுண்ணாம்பு படிந்து, சேற்றை இறுக்கிக் கட்டுவதால் இத்தகைய உருண்டைகள் உருவாகும். உருண்டையாக எது வந்தாலும் அதன் உள்ளமைப்பைப் பாருங்கள், பிறகு பெயர் எழுதுங்கள்.

தேர்வுக்கு முன் அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். காரைக்குப் போனால் எதையும் எடுத்துவராதீர்கள். கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படமெடுத்து, எந்த அடுக்கு, எந்தத் திசையில் சாய்ந்திருந்தது, அருகே வேறு என்ன கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட்டுப் பிரிந்த புதைபடிவம் தன் காலத்தையும் சூழலையும் பற்றிச் சொல்லக்கூடியதில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. உங்களுக்குப் பின் வரும் மாணவருக்கும் அது அங்கேதான் தேவை.