நல்லவராகத்தான் இருந்திருப்பார்

கண்டி கெரிசன் மயானத்தைச் சுற்றிக்காட்டும்போது, யானை தாக்கி இறந்தவரின் கல்லிலிருந்துதான் வழக்கமாகத் தொடங்குவேன். ஜோன் ஸ்பொட்டிஸ்வுட் ரொபர்ட்சன், 1856. இலங்கையில் காட்டு யானையால் கொல்லப்பட்டதாகப் பதிவான ஏழாவது ஐரோப்பியர், கடைசி ஐரோப்பியரும் அவர்தான் என்பார்கள். அடுத்து, 1861ல் வீடு இடிந்து மேலே விழுந்து இறந்த டேவிட் ஃபின்லே. அப்புறம் வில்லியம் வொட்சன் மெக்வுட். கோப்பிக் கன்று நடும் இடத்துக்கு அடையாளமாக அடித்திருந்த முளை, குதிரையிலிருந்து இறங்கும்போது குத்தி, 1867ல் போனவர். ஆங்கிலேயரைப் புதைத்த இந்தப் பழைய மயானத்துக்கு நான் அழைத்துவருகிறவர்களில் பாதிப்பேர் இந்தக் கதைகளைக் கேட்கத்தான் வருகிறார்கள். கேட்டு முடித்ததும் படம் எடுத்துக்கொண்டு தலதா மாளிகைப் பக்கம் இறங்கிவிடுவார்கள்.

காய்ச்சலில் போனவர்களின் முன்னால் யாரும் அதிகநேரம் நிற்பதில்லை. ஆனால் அங்கே கிடக்கும் ஏறக்குறைய 200 பேரில் மலேரியாவும் கொலராவும் கொண்டுபோனவர்கள்தான் நிறைய. வாட்டர்லூ சண்டையில் தப்பிவந்த ஜேம்ஸ் மெக்ளாஷன், திருகோணமலையிலிருந்து கண்டிக்கு மழையில் நடந்துவந்து காய்ச்சல் கண்டு 1817ல் இறந்தார். கண்டி ராச்சியத்தை ஆங்கிலேயர் கைக்குக் கொண்டுவந்த ஜோன் டொயிலிக்கும் 1824ல் காய்ச்சல்தான். உயரமான கிரேக்கத் தூண் ஒன்று அவர் மேல் நிற்கிறது. இருபதுகளில் போனவர்கள், முப்பதுகளில் போனவர்கள், ஒரு வயதைத் தொடாத பிள்ளைகள். கல்லைப் படித்துக்கொண்டே போனால் வயதுகள்தான் மனதில் நிற்கும்.

அன்று வந்தவர் நின்றது அப்படி ஒரு காய்ச்சல் கல்லின் முன்னால். அந்தக் குடும்பத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கல்லுக்கு அடியில் இருந்தவர் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் அண்ணன், கோப்பித் தோட்டத்தில் சின்னத்துரையாக, அதாவது உதவி நிர்வாகியாக, இருந்து முப்பதை எட்டுமுன் இறந்தவர். வந்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். ஊருக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கல்லில் கையை வைத்தபடி வெகுநேரம் குந்தியிருந்தார். அழுதார்.

வான் வண்டியில் வரும்போதே என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். கோப்பிக் காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து நடந்துவந்தவர்களின் வழி நாங்கள் என்று சொல்லியிருந்தேன். அதனால் எழுந்து நின்று அவர் கேட்டது வழிகாட்டியிடம் இல்லை. அது எனக்கு அந்த நொடியே புரிந்தது.

"இவர் உங்கள் ஆட்களிடம் நல்லபடியாக நடந்துகொண்டிருப்பாரா?"

"நல்லவராகத்தான் இருந்திருப்பார்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சேர்க்கவில்லை.

அவரை ஹோட்டலில் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வான் ஓட்டும் தம்பி பேசினான். அவனும் மாத்தளைப் பக்கத் தோட்டத்துப் பையன். எங்களோடு மயானத்துக்குள் வந்து, சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"ஏண்ணே அப்புடிச் சொன்னீங்க? அந்தாளு நல்லவரா கெட்டவரான்னு ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"அழுதுகிட்டு நிக்கிறவர்கிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

"தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம். அன்றிலிருந்து அதைத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். தெரியாது என்பது உண்மையும்கூட. ஆனால் கல்லில் கைவைத்து அழுத ஒருவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தெரியாது என்று சொன்னால், கெட்டவர் என்று நினைக்கிறேன் ஆனால் சொல்ல மாட்டேன் என்றுதானே அவர் எடுத்துக்கொண்டிருப்பார்? அப்படி நினைக்கவும் எனக்கு ஆதாரம் இல்லை. சாவு வீட்டுக்குப் போனால் செத்தவரைப் பற்றி நல்லதைச் சொல்லிவிட்டு வருகிறவர்கள் நாம். நூற்று எழுபது வருடம் கழித்து வந்தாலும் அவருக்கு அது சாவு வீடுதான்.

காசுக்காகச் சொன்னாயா என்று தம்பி கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். இல்லை என்றுதான் நம்புகிறேன். டிப்ஸ் கொடுக்கிறவர்கள் யானைக் கதைக்கும் கொடுக்கிறார்கள்.

தம்பியிடம் என் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். தோட்டத்தில் எத்தனையோ துரைமாரைப் பார்த்தவர் அவர், ஒருவரைப் பற்றி மட்டும் கடைசிவரை மரியாதையாகப் பேசினார். பாட்டிக்குப் பிரசவம் சிக்கலானபோது அந்தத் துரை தன் காரைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாராம். அந்தப் பிள்ளைதான் என் பெரியப்பா. நம்முடைய ஆட்களே நல்ல தொரை, கெட்ட தொரை என்று பிரித்துத்தானே பேசினார்கள்? பிரட்டில், அதாவது காலையில் ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், கைநீட்டாதவர், நோயாளியை வேலைக்கு விரட்டாமல் லய வீட்டில் படுத்திருக்கவிட்டவர், அரிசியைத் தவணை தவறாமல் கொடுத்தவர் எல்லாம் நல்ல தொரைகள். அப்படி ஒருவராக இவரும் இருந்திருக்கக்கூடாதா?

"காரு கொடுத்தத அம்பது வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கோம்ணே" என்றான். "கொடுக்காத நாள யாரு சொன்னா?"

அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தபோது அவனே மறுபடி தொடங்கினான். அவனுடைய அப்பாயி சொன்ன கதை. அவர்களுடைய வழியில் எந்தத் தலைமுறையோ தெரியாது, அக்காளும் தங்கச்சியும் ஆள் கூட்டிவரும் ஒரே கங்காணியின் கூட்டத்தில் வந்தார்களாம். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுக்குள் நடை. நடுவழியில் தங்கச்சிக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. கூட்டம் நிற்காது. நின்றால் மற்றவர்களுக்கும் தொற்றும், கொண்டுவந்த அரிசியும் முடிந்துவிடும். ஒரு மரத்தடியில் தண்ணீர்க் கலயத்தோடு அவளை வைத்துவிட்டு அக்காள் நடந்தாள். தம்புள்ளைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுகூட அப்பாயிக்குத் தெரியாது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் பிழைத்தவர்கள், அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1841க்கும் 1848க்கும் இடையில் மட்டும் 70,000 பேர் இறந்தார்கள், வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு என்று 1849ல் கொழும்பு ஒப்சர்வர் பத்திரிகை எழுதியது. ஒரு பத்திரிகையின் மதிப்பீடுதான், குறையலாம், கூடலாம். ஆனால் பாதியாகக் குறைத்தாலும் 35,000. கெரிசன் மயானத்தில் 200 பேருக்குப் பெயர் இருக்கிறது, வயது இருக்கிறது, எதனால் செத்தார் என்பது இருக்கிறது. 1990களின் இறுதியில் அந்த இடத்தைச் சீரமைத்தபோது சாய்ந்த கற்களை நிமிர்த்தினார்கள், எழுத்துகளைத் துலக்கினார்கள். அது நல்ல வேலை. கற்களை நேசிக்காமல் இந்தத் தொழிலை நான் இவ்வளவு காலம் செய்திருக்க முடியாது. அந்தப் பிள்ளைகளின் கற்களைக் கடக்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கும். மரத்தடியில் விடப்பட்ட தங்கச்சிக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் இடையில் ஒருவரைத் தேர்ந்தெடு என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆனாலும் அன்று தேர்ந்தெடுத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் யோசிக்கும்போது கண்டியிலேயே இருக்கும் மஹியாவ மயானத்துக்கு மனம் போகும். தேயிலையைத் தோட்டப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை அங்கேதான். 1852ல் பதினாறு பதினேழு வயதுப் பையனாக வந்து, 1867ல் லூல்கந்துரவில் தேயிலை போட்டு, 1892 மே 2ஆம் தேதி அதே தோட்டத்தில் இறந்தவர். பெரிய உடம்புக்காரர். தோட்டத்திலிருந்து கண்டி வரை 24 பேர் தூக்கிவந்தார்களாம். பன்னிரண்டு பன்னிரண்டு பேராக, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள்மாற்றி. கங்காணிகளும் தொழிலாளரும் பின்னால் நடந்தார்கள், 'சாமி துரை' என்று அழுதார்கள் என்பது பதிவு. கல்லில் அவர் பெயர் இருக்கிறது, தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் அவர் முன்னோடி என்பது இருக்கிறது, 57 வயது என்பதும் இருக்கிறது. தூக்கிய 24 பேரில் ஒருவரின் பெயரும் எங்கேயும் இல்லை.

அந்த ஊர்வலத்தைப் பற்றி ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். நானும் உருகித்தான் சொல்வேன். அழுதிருக்கலாம், உண்மையாகவே அழுதிருக்கலாம். நாற்பது வருடம் ஒரே மலையில் கிடந்து ஊருக்குத் திரும்பாமல் செத்தவருக்காக மனிதர்கள் அழமாட்டார்களா? ஆனால் அவர்கள் அழுததை எழுதியவர்கள் யார்? மற்றத் துரைமார். சுமந்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பேசினார்கள், தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பெண்சாதியிடம் என்ன சொன்னார்கள் என்பதை எழுத அங்கே யாரும் இருக்கவில்லை. நல்ல தொரை என்பதற்கு நம்மிடமிருந்து வந்ததாகச் சொல்லப்படும் சாட்சிகளில் பெரும்பாலானவை துரைமார் கைப்பட எழுதியவை. இதை நான் தம்பியின் கேள்விக்கு முன்னால் யோசித்ததே இல்லை.

சரி, இதோடு விட்டிருக்கலாம். போன மாதம் அந்தப் பெரியவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. குடும்பத்துக்காக ஒரு சிறு நூல் அச்சிடுகிறாராம். கடிதங்கள், கல்லறையின் படம், கண்டிப் பயணம். அதில் நான் சொன்ன வாக்கியத்தை என் பெயரோடு போட அனுமதி கேட்டிருக்கிறார். 'அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களின் வழியில் வந்த தமிழ் வழிகாட்டி' என்று அறிமுகம். அந்த வார்த்தைகள் தன்னை எவ்வளவு ஆறுதல்படுத்தின என்றும் எழுதியிருக்கிறார். பொய்யாக எழுதவில்லை. மரியாதையான, அன்பான கடிதம்.

ஒருவரின் துக்கத்துக்குச் சொன்ன ஆறுதல் வேறு, அச்சில் நிற்கப்போகும் சாட்சி வேறு. அன்று மயானத்தில் சொன்னதை இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியும். அதே நிலையில் நாளைக்கு நின்றால் அதையே சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இன்னும் ஐம்பது வருடம் கழித்து அந்தக் குடும்பத்தில் யாரோ அந்த நூலைப் புரட்டுவார்கள். ஆட்கள் என்ன நினைத்தார்கள் என்று தேடும்போது என் வாக்கியம் கிடைக்கும். ஆட்களின் தரப்பிலிருந்து ஒருவரே சொல்லியிருக்கிறார் என்று அத்தோடு மூடிவிடுவார்கள். எனக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? ஐந்தாவது தலைமுறையில் பிறந்தது மட்டும் போதுமா?

போடாதீர்கள் என்று எழுதவும் கை வரவில்லை. அப்படி எழுதினால் அவருக்கு மயானத்தில் கிடைத்ததையும் நான் திருப்பி வாங்கிக்கொண்டதாக ஆகும். போடுங்கள், அதன் கீழே நடுவழியில் விடப்பட்டவளின் கதையையும் போடுங்கள் என்று ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். அது தம்பியின் வீட்டுக் கதை. ஒரு துரையின் நினைவு நூலில் அடிக்குறிப்பாக அதைக் கொடுக்க அவனும் சம்மதிக்கவில்லை, எனக்கும் மனம் ஒப்பவில்லை. அழித்துவிட்டேன்.

கடைசியில் வேறு மாதிரி எழுதினேன். உங்களிடமுள்ள கடிதங்களில் ஆட்களைப் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பெயராவது இருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், கங்காணியின் பெயராக இருந்தாலும் சரி. என் வாக்கியத்தைப் போடலாமா என்பதை அதைப் படித்த பிறகு சொல்கிறேன்.

அனுப்புமுன் தம்பிக்குப் படித்துக் காட்டினேன்.

"பேரு இருந்தா மட்டும் நல்லவரா ஆயிருவாராண்ணே?"

ஆகமாட்டார்தான். பெயர் தெரிந்திருந்தும் கொடுமை செய்தவர்கள் இருந்திருப்பார்கள், எதையும் எழுதாமலே நன்றாக நடத்தியவர்களும் இருந்திருப்பார்கள். அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் நம்முடைய ஆட்களில் ஒருவரின் பெயர் கிடந்தால், அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன். மின்னஞ்சலை அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.