கிளிப்பை முதலில் பாருங்கள், ஸ்டாண்டைப் பிறகு

கரோக்கி பாடத் தொடங்குகிறவர்கள் மைக்கைப் பற்றியும் ஸ்பீக்கரைப் பற்றியும் வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். அந்த மைக்கைத் தாங்கப்போகும் ஸ்டாண்டையும் கிளிப்பையும் மட்டும் கடைசி நேரத்தில் கைக்குக் கிடைத்தபடி வாங்கிவிடுவார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஒயர் மைக்கோடு வந்த சிறிய கிளிப்பில் ஒயர்லெஸ் மைக்கை அழுத்திச் செருகி வைத்திருந்த ஒரு மாலையில், பாடி முடித்த நண்பர் ஓரடி பின்வாங்கியபோது அவருடைய கால் ஸ்டாண்டில் இடறியது. ஸ்டாண்ட் விழவில்லை, ஆனால் மைக் கிளிப்பிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்து, அதன் தலையிலிருந்த கம்பி வலை ஒரு பக்கம் நசுங்கியது. ஸ்பீக்கரில் எழுந்த சத்தத்தில் பக்கத்து அறையில் உறங்கிய குழந்தை விழித்துக்கொண்டு அழுததுதான் அன்றைய கடைசிப் பாட்டு.

அன்றிலிருந்து நான் கிளிப்பைத்தான் முதலில் பார்க்கிறேன். பாடகர்கள் பிடித்துப் பாடும் ஒயர் மைக்குகளில் பெரும்பாலானவற்றின் கைப்பிடி அடியில் மெலிந்தும் தலையை நெருங்க நெருங்கப் பருத்தும் இருக்கும். 1966-இல் வெளிவந்து இன்றும் விற்பனையாகும் ஷூர் எஸ்எம்58 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. செருகு கிளிப் எனப்படும் குழாய் வடிவக் கிளிப் இந்தச் சரிவை நம்பியே செய்யப்பட்டது. மைக்கின் தலை மேல்நோக்கி இருக்கும்வரை அது தன் எடையாலேயே கிளிப்பில் இறுகி உட்கார்ந்துகொள்ளும். அதையே தலைகீழாகச் சாய்த்தால் மெல்ல நழுவத் தொடங்கும். பாட்டின் நடுவே ஒரே கையால் மேல்நோக்கி இழுத்து எடுக்கவும், இடையிசை வரும்போது திரும்பச் செருகவும் இதைவிட வசதியான வகை எதுவும் இல்லை என்பது என் கருத்து.

ஒயர்லெஸ் மைக்கின் கதை வேறு. உள்ளே பேட்டரியும் ஒலிபரப்பும் சுற்றும் இருப்பதால் அதன் உடல் தடித்திருக்கும். பல மைக்குகள் சரிவே இல்லாத நேரான உருளைகளாகவும் இருக்கும். இவற்றுக்கென்று அகலமாகச் செய்யப்பட்ட கிளிப் தனியாகவே கிடைக்கிறது. பல அளவு மைக்குகள் வந்து போகும் இடமாக இருந்தால், துணி உலர்த்தும் கிளிப்பைப் போல இரண்டு தாடைகளும் ஸ்பிரிங்கும் கொண்ட வகை கைகொடுக்கும். அதில் இரண்டு குறைகள் உண்டு. மைக்கை எடுக்கும்போது பெரும்பாலும் இரண்டு கைகளும் தேவைப்படும். தாடை மைக்கின் சுவிட்சின் மேல் உட்கார்ந்துவிட்டால், பல்லவி தொடங்கிய பிறகே மைக் அணைந்திருப்பது தெரியவரும்.

அடுத்தது மரை. மைக் ஸ்டாண்டுகளின் முனையில் இருவகை மரைகள் பரவலாக உள்ளன: ஒன்று 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 27 சுற்று, மற்றொன்று 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று. பெரிய மரை கொண்ட கிளிப்புக்குள் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைத் திருகி வைத்தால் அது சிறிய மரை கொண்ட ஸ்டாண்டுக்கும் பொருந்தும். கிளிப்பைக் கழற்றும்போது இந்த அடாப்டர் ஸ்டாண்டின் முனையிலேயே தங்கிவிடுவதும், அதைக் கவனிக்காமல் வேறொரு ஸ்டாண்டுக்குப் போய்க் கிளிப் ஏன் ஆடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கும். அடாப்டரின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். நாணயத்தை அதில் வைத்துத் திருகினால் வந்துவிடும். மரை பொருந்தாத கிளிப்பை வலுவில் திருகினால் பிளாஸ்டிக் மரை தேய்ந்துபோகும் என்பதால், இரண்டு அடாப்டர்களை எப்போதும் பையில் வைத்திருப்பது நல்லது.

ஸ்டாண்டைப் பொறுத்தவரை, பலர் மாறி மாறிப் பாடும் கரோக்கிக்குக் கனமான வட்ட அடிப்பகுதி கொண்ட நேர் ஸ்டாண்டையே நான் பரிந்துரைப்பேன். மடக்கிக் கொண்டுசெல்ல மூன்று கால் ஸ்டாண்ட் எளிது; ஆனால் பாடுகிறவரின் கண் வரிகள் ஓடும் திரையில் இருக்குமே தவிரத் தரையில் இருக்காது, விரிந்து நிற்கும் அந்தக் கால்கள் இடறாமல் விடா. வட்ட அடிப்பகுதி மரத்தளத்தின் அதிர்வை மைக்குக்குக் கடத்தக்கூடும் என்பதால், அதன் அடியில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். கிட்டார் வாசித்தபடியோ உட்கார்ந்தோ பாடுகிறவருக்குக் குறுக்குக் கை கொண்ட பூம் ஸ்டாண்ட் வேண்டும். அந்தக் கையை மூன்று கால்களில் ஒன்றுக்கு நேர் மேலே நீட்டி வைக்காவிட்டால் மொத்தமும் முன்புறம் சாயும்.

உயரத்தை மாற்றும் பிடியைக் கடையிலேயே சோதிக்க வேண்டும். மைக்கையும் கிளிப்பையும் பொருத்தி, அளவாக இறுக்கி, மேல்குழாயைக் கையால் சற்று அழுத்துங்கள். இறங்கினால் அந்த ஸ்டாண்ட் வேண்டாம். குழந்தையும் உயரமானவரும் அடுத்தடுத்துப் பாடும் கூட்டத்தில், ஒரே கையால் அழுத்தி ஏற்றி இறக்கும் வகைக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவிடுவது தகும். திருகுப் பிடியானால், வழக்கமாகப் பாடுகிறவர்களின் உயரத்துக்கு ஏற்ப உள்குழாயில் டேப் துண்டுகளை ஒட்டி வைத்துவிடலாம்.

மைக்கின் தலை வாய்க்குச் சற்றுக் கீழே, வாயை நோக்கிச் சாய்ந்து இருக்கட்டும். அப்போதுதான் திரை மறையாது. ஒருபக்கக் குரலை ஏற்கும் கார்டியாய்டு மைக்குகள் நேர் பின்புறத்தில்தான் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே பாடகரை நோக்கிய ஸ்பீக்கர் இருந்தால் மைக்கின் வால் அதைப் பார்க்கும்படி ஸ்டாண்டை வையுங்கள். கையில் மைக்கைப் பிடிக்கிறவர்களில் பலர் பாட்டின் உச்சத்தில் கம்பி வலையைப் பொத்திப் பிடிப்பதால், மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கி ஸ்பீக்கர் கூவிவிடுகிறது. அவர்களிடம் கையை எடுக்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், இப்போதெல்லாம் மைக்கைச் சற்று இறுக்கமான கிளிப்பில் மாட்டிவிட்டு நான் பேசாமல் உட்கார்ந்துகொள்கிறேன்.