முதல்ல பூஞ்சை, அப்புறம் நூற்புழு
மண்ணைக் கிளறிப் பாத்தா ஒரு வேர்ப்புழு மேல பச்சைப் பவுடர் தூவின மாதிரி இருந்துச்சு, அது மெட்டாரைசியம்ங்கிற, புழுவைக் கொல்ற பூஞ்சையோட வேலை. பக்கத்துலயே இன்னொண்ணு செங்கல் கலர்ல செத்துக் கிடந்துச்சு, அது ஹெட்டெரோராப்டிடிஸ்ங்கிற நூற்புழுவோட வேலை, வேர்ப்புழுவுக்குள்ள புகுந்து கொல்ற நூல் மாதிரி குட்டிப் புழு. சரியா சொன்னா கொல்றது அது வயித்துல சுமந்துட்டுப் போற ஃபோட்டோராப்டஸ் பாக்டீரியாதான், உள்ள இறங்கினா ரெண்டு நாள்ல கதை முடிஞ்சிரும். பூஞ்சை அப்படி இல்ல, தோலைத் துளைச்சு உள்ள போயி மெதுவா இழுக்கும், அதுக்குள்ள புழு சோர்ந்துரும்ல, அப்ப நூற்புழுவை விட்டா சுலபமா மாட்டிக்கும். ரெண்டையும் ஒரே நாள்ல ஊத்துனா டபுள் எஃபெக்ட்னு நெனைச்சு நானும் ஏமாந்தேன், ஒரே புழுவுக்குள்ள ரெண்டும் போனா பாக்டீரியா விடுற ஆன்டிபயாட்டிக்ல பூஞ்சை தலையெடுக்கவே முடியாது. இப்பல்லாம் பூஞ்சை போட்டு 3, 4 வாரம் கழிச்சுதான் நூற்புழு, அதுவும் சாயங்காலமா, மண்ணு ஈரமா இருக்கும்போது, வெயில் பட்டா ரெண்டுமே காலி.