இடைவெளி தொலைந்த பக்கம்

டோக்கியோவில் ஒரு தொடக்கப் பள்ளி. ஜப்பானிய மொழி தெரியாமல் வந்து சேரும் பிள்ளைகளுக்கு நான் துணை ஆசிரியை. மாலை நான்கு மணிக்குமேல் ஆசிரியர் அறையில் பாடநூல் பேச்சு எழாத நாள் குறைவு.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை கணக்கோடுதான் சண்டைக்கு வருவார். "இரண்டாம் வகுப்பில் மொழிப்பாடத்துக்கு வருஷத்துக்கு 315 பாடவேளை, கற்க வேண்டிய கான்ஜி என்னும் சீன வழி எழுத்து 160. எனக்கு 245 வேளை, எழுத்தோ 200. இதில் கதையை எங்கே ரசிக்க வைப்பது?" நான்காம் வகுப்பு ஆசிரியருக்கு அந்தக் கவலையே கிடையாது. நீமி நங்கிச்சி எழுதிய கோன் என்ற நரியின் கதை இருந்தால் போதும். செய்த குறும்புக்கு ஈடாக, யாருக்கும் தெரியாமல் கஷ்கொட்டையும் காளானும் கொண்டுவந்து வைக்கிற நரியை, மறுபடி குறும்பு செய்ய வந்ததென்று நினைத்துச் சுட்டுவிடுகிறான் அந்த வீட்டுக்காரன். எத்தனையோ முறை நடத்தியும் கடைசிப் பத்தியில் தொண்டை அடைக்கிறது என்பார்.

என் குறை வேறு. ஜப்பானிய எழுத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடும் வழக்கம் இல்லை. முதல் வகுப்புப் புத்தகத்தில் பிள்ளைகளுக்காக விட்டிருப்பார்கள். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அது போய்விடும். ஒரே எழுத்து வரிசையை 'இங்கே செருப்பைக் கழற்றுங்கள்' என்றும் 'இங்கே கிமோனோவைக் கழற்றுங்கள்' என்றும் பிரித்துச் சிரிக்கிற பழைய வேடிக்கை ஒன்று உண்டு. இந்த மொழியில் வளர்ந்த பிள்ளைக்குக் காதே பிரித்துக் கொடுத்துவிடும்.

கோவையிலிருந்து வந்து ஏழு மாதமான பையன் ஒருவன் மூன்றாம் வகுப்பில் இருந்தான். தினமும் வீட்டில் பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். கேட்டவர் அட்டையில் குறி போட்டு அனுப்ப வேண்டும். அவன் அட்டையில் நாள் தவறாமல் இரட்டை வட்டம், அதாவது 'மிக நன்று'. வகுப்பிலோ வாய் திறக்கமாட்டான். அம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது மிஸ். நிறுத்தாமல் படித்தால் நன்றாகப் படிக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்."

நிறுத்தாமல்தான் படித்திருக்கிறான், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்.

மறுநாள் அவன் புத்தகத்தில் பென்சிலால் சொல்லுக்குச் சொல் கோடு போட்டுக் கொடுத்தேன். கை கூசத்தான் செய்தது. வரிப்பணத்தில் இலவசமாகத் தரும் புத்தகம், பத்திரமாகப் பயன்படுத்துங்கள் என்று பின்னட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். வகுப்பாசிரியை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தபோது, திட்டு வாங்கத் தயாராக நின்றேன். நகல் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, மூன்று பிரதி எடுத்துக்கொண்டு போனார். அவர் வகுப்பில் வெளிநாட்டுப் பிள்ளை இவன் ஒருவன்தான்.