இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாய்

"வெற்றிக் கதையா எழுதிக் குடுங்கக்கா" என்று மலர்க்குழுத் தம்பி போனில் கேட்டார். என்னிடம் இருப்பது அரைப் புள்ளிக் கதைதான்.

2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பாத்துமியில் மகளிர் சதுரங்க உலகக் கோப்பை இறுதி நடந்தபோது, இங்கே சிங்கப்பூரில் இரவுச் சாப்பாட்டை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் நம் இந்தியர்கள்: 38 வயது கொனேரு ஹம்பி, 19 வயது திவ்யா தேஷ்முக். மூன்று ஆட்டம் டிரா. நாலாவதில், காய்கள் குறைந்துபோன இறுதிக்கட்டத்தில் ஹம்பி வழுக்கினார். திவ்யா அழுதார். எனக்கோ ஹம்பியின் முகத்தை விட்டுக் கண் நகரவில்லை.

நாகப்பட்டினம் தனி மாவட்டமாகாத காலம், அதாவது 1991-க்கு முன்னால். மாவட்டப் பள்ளி மாணவியர் சதுரங்கம் தஞ்சாவூரில். நீடாமங்கலத்திலிருந்து சோழன் பஸ், தூக்குவாளியில் புளிசாதம், கூடவே கணக்கு டீச்சர். முந்தின நாள் டீச்சர் எங்களைத் திருப்பூவனூர் சதுரங்க வல்லபநாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத ராஜகுமாரியைச் சிவபெருமான் கிழவராக வந்து ஆடி ஜெயித்து மணந்த தலம். "தோத்தது பொண்ணு. ஜெயிச்சவர்கிட்டயே போய் நம்மள ஜெயிக்க வைன்னு கேக்குறோமே டீச்சர்?" என்றேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

கடைசிச் சுற்றில் எதிரே கும்பகோணத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள், பாவாடை தாவணி, நகத்தில் மருதாணி. அவளுக்கு டிரா போதும். எனக்கு ஜெயித்தே ஆக வேண்டும். யானை, குதிரை, மந்திரி (பிஷப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) எல்லாம் வெட்டுப்பட்டுத் தீர்ந்தன. என்னிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அவளிடம் ராஜா மட்டும். சிப்பாய் பிறந்த கட்டத்தை விட்டு அசையவே இல்லை. என் ராஜா அதற்கு அடுத்த வரிசையில், ஒரு கட்டம் பக்கவாட்டில். என் முறை.

சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளி வைத்தேன். நேரம் இருந்தது, கடிகாரத்தில் நேரம் முடியப்போவதைக் காட்டும் கொடிகூட எழவில்லை. அவசரம் என்னுடையதுதான்.

அவள் ராஜாவைச் சிப்பாய்க்கு நேர் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். நான் விரட்டினேன். பின்வாங்கும்போதெல்லாம் நேர்க்கோட்டிலேயே வாங்கினாள், ஒரு தடவைகூடக் கோணலாகப் போகவில்லை. கடைசி வரிசைக்குப் போனதும் அவள் ராஜாவுக்கு ஆபத்தும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட், அதாவது டிரா. ஆளுக்கு அரைப் புள்ளி, கோப்பை அவளுக்கு.

மறுநாள் பள்ளி வராண்டாவில் டீச்சர் அதே நிலையை அடுக்கினார். சிப்பாயைத் தொடவில்லை. என் ராஜாவைக் கோணலாக ஒரு கட்டம் முன்னே வைத்தார். அவள் ராஜாவும் எதிரே வந்து நிற்கும், நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம்.

"வரப்புல ரெண்டு பேரு எதிரெதிரா வந்துட்டாங்க. யாரு சேத்துல இறங்குறது?"

"யாரு முறையோ அவங்க, டீச்சர்."

"இப்ப யாரு முறை?"

"என்னோடது."

அப்போதுதான் அந்தச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். முறை அந்தப் பக்கம் போய்விட்டது. எதிர் ராஜா பின்வாங்கவோ, இடமோ வலமோ விலகவோதான் வேண்டும். பின்வாங்கினால் என் ராஜா முன்னேறும், விலகினால் மறுபக்கமாக உள்ளே நுழைந்துவிடும். சிப்பாய் வீட்டிலேயே இருந்ததால்தான் கையில் அந்த உபரி நகர்வு. அதை நான் முதலிலேயே செலவழித்திருந்தேன். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் ஊரில் பிறந்தவளுக்கு இது தெரியாமல் போனதே என்று டீச்சர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஆட்டம் முடிந்த சாயங்காலம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் கோப்பையைப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஒரு கடலை உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க ராஜாவத் தொட்டுடுவீங்களோன்னு நெனச்சு எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சுக்கா."