தொண்டையில கட்டின்னா எல்லாமே கேன்சர் இல்ல

நான் மலையகத்துல ஒரு ஆஸ்பத்திரியில ஈஎன்டி, அதாவது காது மூக்கு தொண்டை வார்டு நர்ஸ். தொண்டையில கட்டி மாதிரி இருக்கு, துண்டு எடுத்து பார்க்கணும்னு டொக்டர் சொன்ன உடனே நம்ம ஆளுங்க கேக்கறது ஒன்னே ஒன்னு தான், "மகரகமவுக்கு அனுப்பிருவாங்களா மிஸ்ஸி?" மகரகமன்னா கேன்சர் ஆஸ்பத்திரி. பயத்துக்கு காரணமும் இருக்கு, தோட்டத்துல வெத்தலையும் பொயிலையும் போடாத ஆளைத் தேடணும், பீடி சாராயம் வேற, கேன்சர் வரத்தான் செய்யுது.

ஆனா குரல்வளையில டிபியும் (காசநோய்) வரும்ங்கறது நெறைய பேருக்கு தெரியாது. வேலைய விட்டு நின்ன தோட்டத் தொழிலாளி ஒருத்தர் வந்தாரு, மாசக்கணக்கா குரல் அடைச்சு வெறும் காத்து தான் வருது, உடம்பு வத்திப் போச்சு, ப்ளேன்டீ ஒரு வாய் முழுங்குனா வலி காது வரைக்கும் ஏறி கண்ணுல தண்ணி வந்துரும். மூக்கு வழியா ஸ்கோப் விட்டு ஸ்கிரீன்ல பார்த்தா குரல்நாண் ஒரு பக்கம் வீங்கி மேடும் பள்ளமுமா புண்ணு. பார்த்த எல்லாருமே கேன்சர்னு தான் நெனச்சோம், மகன் வெளிய நின்னு அழுதுகிட்டே சொந்தக்காரங்களுக்கு கோல் எடுக்க ஆரம்பிச்சிட்டாரு. துண்டு எடுத்த பயாப்சி ரிசல்ட்ல கேன்சர் செல் இல்ல, டிபியில வர்ற கிரானுலோமாங்கற சின்னச் சின்ன அழற்சிக் கட்டிங்க இருந்துச்சு. சளியிலயும் கிருமி, எக்ஸ்ரேல நெஞ்சு மேல்பக்கம் நிழல். கண்ணால பார்த்து இது டிபி, கேன்சர் இல்லன்னு எவ்ளோ பெரிய டொக்டராலயும் பிரிச்சு சொல்ல முடியாதுங்க, அதனால தான் துண்டு எடுக்கறது. துண்டு எடுத்தா பரவிரும்னு லயத்து வீடுகள்ல யாராவது சொல்றத கேட்டு பாதியில ஓடிப் போறவங்கள பார்த்தா எனக்கு வயிறு எரியும்.

டிபிக்கு மருந்து 6 மாசம். முதல் 2 மாசம் நாலு மருந்து, பெறகு 4 மாசம் ரெண்டு, செஸ்ட் கிளினிக்ல காசில்லாம குடுப்பாங்க. மூத்திரம் செம்மஞ்சளா போகும், அது ரிஃபாம்பிசின் குளிசையால, பயந்து நிப்பாட்டிறாதீங்க. மருந்து போட்டும் புண்ணு ஆறலன்னா திரும்ப துண்டு எடுக்கணும், ஏன்னா ரெண்டு நோயும் ஒரே தொண்டையில இருக்கலாம். அதே மாதிரி ஆஸ்துமாவுக்கு ஸ்டீரொய்ட் பம்ப் அடிக்கிறவங்கள்ல சிலருக்கு தொண்டையில பங்கஸ் பிடிச்சு வெள்ளை வெள்ளையா தெரியும், சில நேரம் அதுவும் கேன்சர் மாதிரி ஏமாத்தும், பம்ப் அடிச்ச பெறகு வாய நல்லா கொப்பளிச்சு துப்புங்க.

எனக்கு மனசு நோகுறது வேற எடத்துல. கேன்சர்னு நெனச்ச வரைக்கும் அவரு கட்டில சுத்தி சொந்தம் நின்னுச்சு, டிபின்னு தெரிஞ்சதும் ஒருத்தரையும் காணோம். தொண்டை டிபி இருமல்ல நல்லாவே தொத்தும், உண்மை தான், ஆனா ஒழுங்கா மருந்து எடுத்தா கொஞ்ச வாரத்துல தொத்துறது கொறைஞ்சிரும், டம்ளர் தட்டு ஒதுக்கி வைக்கத் தேவையே இல்ல. ஓடி ஒளியிறத விட்டுட்டு அதே காம்பராவுல படுத்தவங்க எல்லாரும் போய் செக் பண்ணிக்கணும், பிள்ளைகள முதல்ல கூட்டிட்டு போங்க. குரல் கம்மி 3 வாரத்துக்கு மேல இழுத்தா தோட்டத்து டிஸ்பென்சரி பாணிய குடிச்சுகிட்டே இருக்காம ஈஎன்டில காட்டுங்க.